ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றதும் மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்: “என் மகளுக்கு 24 வயது. நான்கு மாதங்களுக்கு முன் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, விரல் மூட்டு வலி போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80 என்று வந்திருக்கிறது. வைரஸ் மரபணுவைக் கெடுத்துவிட்டது, லூபஸாக இருக்கலாம், 22,000 ரூபாய்க்கு மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும் என்கிறார் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர். வரன் பார்க்கும் நேரம். என்ன செய்வது?”

ஆச்சி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். லூபஸ் என்பது நம் எதிர்ப்புச் சக்தி நம் உடலையே தாக்கும் நோய். சிக்குன்குனியா ஆர்.என்.ஏ. வைரஸ். நம் டி.என்.ஏ.வுக்குள் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் கருவி அதனிடம் இல்லை. உங்கள் மகளின் மரபணுக்கள் காய்ச்சலுக்கு முன் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன.

மாறுவது வேறொன்று. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பாதி அறைகள் வருடம் முழுவதும் பூட்டியே கிடக்கும். கல்யாணம் என்றால் எல்லாவற்றையும் திறந்து விளக்குப் போடுவோம். முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பூட்டுவோம். செல்லுக்குள்ளும் அதேதான். வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. 1957இல் கண்டுபிடிக்கப்பட்ட புரதம் அது. வைரஸ் போனதும் அவை அடங்க வேண்டும். லூபஸ் நோயாளிகள் பலருக்கு விருந்தாளிகள் போன பிறகும் அறைகள் திறந்தே கிடக்கின்றன, விளக்குகள் எரிகின்றன. ஆய்வகங்களில் நாங்கள் அளப்பது இந்த விளக்குகளைத்தான். உங்களிடம் விற்க வந்திருப்பது வீட்டில் எத்தனை அறை என்ற பட்டியல். எது எரிகிறது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் வந்தாலும், பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை.

அடுத்து அந்த 1:80. மனித செல்களை ஒட்டிய கண்ணாடித் துண்டின் மேல் உங்கள் மகளின் ரத்த நீரைச் சொட்டுவார்கள். செல்லின் கருவைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் அதில் இருந்தால், நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். அந்த எதிர்ப்புரதத்தின் பெயர்தான் ஏ.என்.ஏ. எண்பது மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்ந்தால் 1:80 என்று எழுதுவார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், நோயே இல்லாதவர்களில் 100க்கு 13 பேருக்கு இந்த அளவு இருந்தது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சில காலம் தலைகாட்டி மறைவதும் உண்டு. இதை அறிக்கையிலேயே ஒரு வரி அச்சடித்தால் என்ன? தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் போட்டு, ஒரு வீட்டின் தூக்கத்தையே கெடுத்துவிடுகிறார்கள்.

அதற்கு அடுத்து வருகிறவர்தான் ரத்தம் எடுக்க வந்த இந்த இடைத்தரகர். அவர் மருத்துவர் அல்ல. சோதனைக்கு ஆள் சேர்த்தால் அவருக்குப் பங்கு உண்டா என்று நேராகக் கேளுங்கள். பரிசோதனைக்கு அனுப்பிக் கமிஷன் வாங்குவது மருத்துவர்களுக்கே 2002 முதல் நெறிமுறை விதிகளில் தடை. விதி ஏட்டில் இருக்கிறது, கமிஷன் ஊரில் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக இதைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. தாலிக்கொடியை அடகு வைத்து முப்பது பக்க மரபணு அறிக்கை வாங்கிய ஒரு தாய் அதை என் மேசையில் விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், சிகிச்சைக்கு உதவும் ஒரு வரி கிடையாது. அவருடைய மகனுக்கு அதுவரை சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் செய்திருக்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் மரபணுச் சோதனை தேவைப்படும். அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சாதாரணம். நோய் எதிர்ப்புக்கு உதவும் சி1க்யூ என்ற புரதத்துக்கான மரபணு தாய், தந்தை இருவரிடமும் ஒரு பிரதி பழுதாக இருக்கலாம். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால், அந்தக் குழந்தைக்குச் சிறு வயதிலேயே லூபஸ் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைக்கு ஐந்து, ஆறு வயதில் முகத்தில் தடிப்பு, அடிக்கடி கடும் தொற்று, வீட்டில் இன்னொரு குழந்தைக்கும் அதே தொல்லை என்றால், மரபணுச் சோதனைக்கு நானே எழுதிக் கொடுப்பேன். பெற்றோர் சொந்தம் என்பது மட்டுமே காரணமாகாது. நோய் சிறு வயதில் தொடங்கியிருக்க வேண்டும். 24 வயதில், சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வலிக்கும் உங்கள் மகள் இந்தக் கணக்கில் வரவில்லை. அந்தக் காய்ச்சலின் மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கிலும், இன்னும் சிலருக்கு ஆண்டைத் தாண்டியும் நீடிக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். சிறுநீரில் புரதம், முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். அந்த அறிக்கைகளோடு மூட்டுவாத நிபுணரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெயில் பட்டால் முகம் சிவந்து தடித்தால், வாயில் புண் வந்தால், கொத்தாக முடி உதிர்ந்தால், சிறுநீர் நுரைத்தால், கால் வீங்கினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மருந்துக் கடையில் வலிக்கென்று பொட்டலமாகக் கட்டித் தரும் மாத்திரை வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் நோயை மறைத்துவிடும்.

வரன் வீட்டாரிடம் சிக்குன்குனியா வந்ததைச் சொல்லலாம். லூபஸ் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். மூன்று மாதம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனையை மறுபடி செய்யுங்கள். ஏ.என்.ஏ.வை மறுபடி எடுக்க வேண்டாம், யார் வந்து கேட்டாலும்.