சாவி மறப்பதல்ல, நடை தடுமாறுவதே கவனிக்க வேண்டியது

கேள்வி: 4 ஆண்டுகளாக எச்.ஐ.வி. கூட்டு மருந்து எடுக்கிறேன். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவு, சி.டி.4 (நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) 620. சில மாதங்களாகப் பெயர்களும் சாவி வைத்த இடமும் மறக்கின்றன, தூக்கமும் சரியில்லை. வைரஸ் மூளையைத் தின்றுவிடும் என்று இணையத்தில் படித்தேன். மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டும், ஞாபகசக்திக்கு இரும்பு, கால்சியம் கலந்த மாத்திரையும் தொடங்கியிருக்கிறேன். சரியா?

மருத்துவர் பதில்: இல்லை. அந்த ஸ்டீராய்டை எத்தனை நாளாக எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சில வாரங்களைத் தாண்டியிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கூட்டு மருந்தில் ரிட்டோனவிர் அல்லது கோபிசிஸ்டாட் இருந்தால், ஸ்டீராய்டின் அளவு உடலில் தாறுமாறாக ஏறும்.

வைரஸ் நரம்பு செல்களைத் தின்பதில்லை. வெள்ளணுக்களில் ஒளிந்து, தொற்றிய சில நாள்களிலேயே மூளைக்குள் வந்துவிடுகிறது என்பது நிஜம். ஆனால் அது குடியேறுவது முக்கியமாக மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவிலும், ரத்தக்குழாய்களை ஒட்டிய மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்களிலும்தான். கேடு அவை போடும் கூச்சலால் வருகிறது. டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற எச்சரிக்கைச் சமிக்ஞைகளை ஓயாமல் வெளியிடுகின்றன, சி.சி.எல்.2 என்ற சமிக்ஞை ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை இன்னும் பல உள்ளே அழைக்கிறது. இந்த அமளியில், நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சரியாக அகற்றுவதில்லை. தேங்கிய குளூட்டமேட் நரம்பு இணைப்புகளைச் சிதைக்கிறது. மருந்தைத் தவறாமல் எடுப்பவரிடம் இந்தக் கூச்சல் பெருமளவு தணிகிறது. முழுவதும் அடங்குவதில்லை என்பதால் சிலருக்கு லேசான கவனக்குறைவு மிஞ்சலாம்; நீங்கள் அஞ்சும் அளவுக்கு மூளை கெடும் டிமென்ஷியா (அறிவாற்றல் இழப்பு நோய்) இன்று அரிது.

சாவி, பெயர் மறதியை விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்டாலே போதும், அது வரும். எச்.ஐ.வி. மருந்துகளான எஃபாவிரென்ஸ், டோலுடெகிராவிர் இரண்டுமே தூக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. பி12, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எச்.ஐ.வி.யால் வரும் மூளைப் பாதிப்பின் முகம் வேறு. யோசனை மந்தமாகும், பழகிய வேலைக்கு இருமடங்கு நேரம் ஆகும், சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறும், நடை தள்ளாடும். சில வாரங்களில் இது கூடிக்கொண்டே போனால், ரத்தத்தில் வைரல் லோடு இல்லை என்ற அறிக்கையைக் காட்டிச் சமாதானமாகாதீர்கள். ரத்தத்தில் அடங்கிய வைரஸ் மூளைத் தண்டுவட நீரில் பெருகிக்கொண்டிருப்பது உண்டு. எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் ஊசி மூலம் அந்த நீரை எடுத்து, அதிலும் ரத்தத்திலும் ஒரே நாளில் வைரல் லோடு பார்த்து ஒப்பிட வேண்டும். நீரில் கூடுதலாக இருந்தால் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்து கூட்டு மருந்தை மாற்றுவோம், பலர் தேறுகிறார்கள். காய்ச்சலோடு கடும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் என்றால் வாரக்கணக்கும் வேண்டாம், அன்றே அவசரப் பிரிவு.

ஞாபகசக்தி மாத்திரைக்கு வருகிறேன். இரும்பும் கால்சியமும் குடலிலேயே டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. மருந்தளவு குறைந்தால் வைரஸ் தலைதூக்கும். மூளையைக் காக்க வாங்கிய மாத்திரையே அதற்கு வழிவிடும். டோலுடெகிராவிர் எடுப்பவரானால், அதை இந்த மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள், இல்லையேல் இரண்டையும் உணவோடு சேர்த்து. ரத்தசோகை இல்லையென்றால் இரும்பே எதற்கு?

அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள், பவுடர் டப்பா உட்பட.