ஆர்வில இன்ஸ்டன்ட் பாட் வச்சு சமைக்கிறீங்களா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க வீட்ல நாலு பேர், ரெண்டு பசங்க, சொந்தமா 25 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (உள்ளயே படுக்கை, சமையலறை எல்லாம் இருக்கிற வண்டி, ஆர்வின்னு சொல்றது இதைத்தான்) வச்சிருக்கோம், ஒவ்வொரு கோடை லீவுக்கும் அரிசோனா, யூட்டா, வயோமிங்னு கிளம்பிடுவோம். பசங்களுக்கு மூணாவது நாள் பீட்சா சலிச்சுப்போய் ரசஞ்சோறு வேணும்னு ஆரம்பிச்சிடுவாங்க, அப்ப கைகொடுத்தது இன்ஸ்டன்ட் பாட்ங்கிற இந்த எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்தான். ரெசிப்பியை விட கரண்ட் கணக்கைத்தான் முதல்ல கத்துக்கணும்னு நான் நினைக்கிறேன், அதனால அது பத்தின கேள்விகளை முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி (டல்லாஸ்): அக்கா, ஜூலைல யெல்லோஸ்டோனுக்கு வாடகை ஆர்வில போறோம். 6 குவார்ட் (கிட்டத்தட்ட ஆறு லிட்டர்) இன்ஸ்டன்ட் பாட் எடுத்துட்டுப் போகவா? வண்டிலயே கேஸ் அடுப்பு இருக்காமே?

பதில்: எடுத்துட்டுப் போங்கம்மா. ஆனா எந்த கேம்ப்கிரவுண்ட்ல புக் பண்ணிருக்கீங்கன்னு முதல்ல பாருங்க. யெல்லோஸ்டோன் பார்க்குக்குள்ள கரண்ட், தண்ணி, சாக்கடை கனெக்‌ஷன் மூணும் இருக்கிற இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் ஒண்ணுதான். மத்த இடத்துல ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்கணும். வாடகை வண்டில நிறைய பேர் ஏமாறுறது எங்கன்னா, உள்ள பிளக் பாயிண்ட் அத்தனை இருக்கும், ஆனா ஹூக்கப், அதாவது கேம்ப்கிரவுண்டோட கரண்ட் இணைப்பு, இல்லாம, ஜெனரேட்டரும் ஓடாம இருந்தா அதுல கரண்டே வராது, பேட்டரி லைட்டுக்கும் தண்ணி பம்புக்கும்தான். ஜெனரேட்டர் வண்டியோட பெட்ரோல் டேங்க்ல இருந்துதான் எடுக்கும், டேங்க் கால்வாசிக்கு கீழ போனா நின்னுடும், நடுக்காட்டுல மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. அதனால சமைக்கிற நாள்ல பாதி டேங்காவது இருக்கட்டும். வாடகை கம்பெனிக்காரங்க ஜெனரேட்டருக்கு மணிக்கணக்குல காசு போடுவாங்க, அதையும் கேட்டுக்கோங்க.

கேஸ் அடுப்பு இருக்குதான், ஆனா ஜூலைல அந்தச் சின்ன இடத்துல ரெண்டு பர்னர் அரைமணி நேரம் எரிஞ்சா உள்ள உட்கார முடியாது, ஜன்னல் எல்லாம் வேர்த்துடும். நான் அடுப்பை தாளிக்கவும் தோசைக்கும் மட்டும் வச்சுக்கறேன்.

கேள்வி (சான் ஹோசே): 30 ஆம்ப் கரண்ட் குடுக்கிற கேம்ப்கிரவுண்ட் சைட்ல நின்னோம், குக்கர் போட்டதும் மொத்தமா பிரேக்கர் விழுந்துடுச்சு. குக்கர்ல கோளாறா?

பதில்: குக்கர் மேல தப்பு இல்லைங்க. 30 ஆம்ப்னா 120 வோல்ட்ல 3600 வாட், அவ்வளவுதான் மொத்த வண்டிக்கும். 6 குவார்ட் குக்கர் 1000 வாட், அதாவது 8 ஆம்புக்கு கொஞ்சம் மேல. மேல கூரைல ஓடுற ஏசி ஒரு 13 ஆம்ப். தண்ணி ஹீட்டரை எலக்ட்ரிக்ல விட்டிருந்தா அது 12 ஆம்ப் கிட்ட. மூணையும் கூட்டுங்க, 33 ஆயிடுச்சா, இதுல ஃபிரிட்ஜையும் பேட்டரி சார்ஜரையும் நான் சேர்க்கவே இல்லை. ஹீட்டரை கேஸுக்கு மாத்திட்டு குக்கரைப் போடுங்க, விழாது. அதே சர்க்யூட்ல மைக்ரோவேவோ கெட்டிலோ சேர்த்துப் போட்டா உள்ள இருக்கிற 15 ஆம்ப் பிரேக்கர் தனியா விழும், அதையும் பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு, கோடைல சாயங்காலம் கேம்ப்கிரவுண்ட் முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 105க்கு வந்தா உங்க 1000 வாட் குக்கர் 770 கிட்டதான் சூடு குடுக்கும், பிரஷர் ஏற கூடுதல் நேரம் ஆகும். நாங்க மத்தியானமே சாம்பார் வச்சு முடிச்சிடுவோம், ராத்திரிக்கு சூடு பண்றதுதான்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஹூக்கப் இல்லாத இடத்துல தங்குறதுதான் எங்களுக்குப் பிடிக்கும். 100 ஏஹெச் (ஆம்பியர் அவர்) லித்தியம் பேட்டரி ஒண்ணு இருக்கு. இதுல குக்கர் ஓடுமா?

பதில்: ஓடும், இன்வெர்ட்டர் சரியா இருந்தா. 12.8 வோல்ட் 100 ஏஹெச் பேட்டரில 1280 வாட் அவர் இருக்கு. குக்கர் 1000 வாட்னு போட்டிருக்கேன்னு பயந்துடாதீங்க, பிரஷர் ஏறுற வரைக்கும்தான் முழுசா இழுக்கும், 12 லேர்ந்து 15 நிமிஷம், அப்புறம் அப்பப்ப விட்டு விட்டுத்தான் எடுக்கும். எங்க மீட்டர்ல பார்த்த வரைக்கும் நாலு பேருக்கு சாதம் பருப்பு சேர்த்து 300 வாட் அவர் பக்கம் ஆகுது, பேட்டரில கால்வாசி. ஆனா இழுக்கிற அந்த நேரத்துல 12 வோல்ட் பக்கம் 90 ஆம்புக்கு மேல ஓடும், ஒயர் தடிமனா, நீளம் கம்மியா இருக்கணும், இல்லன்னா ஒயர் சூடாகிடும், இதுல மிச்சம் பிடிக்காதீங்க. இன்வெர்ட்டர் 2000 வாட், பியூர் சைன் வேவ் (வீட்டு கரண்ட் மாதிரியே சீரா குடுக்கிறது)தான் வாங்கணும். விலை கம்மின்னு மாடிஃபைட் சைன் வேவ் வாங்கினா குக்கருக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு கோளாறு பண்ணலாம். பழைய லெட் ஆசிட் பேட்டரின்னா பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அதோட 90 ஆம்ப் இழுத்தா வோல்டேஜ் படுத்துடும், இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்தி அணைஞ்சிடும். அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

நீங்க ரெண்டு பேர்தான்னா 3 குவார்ட் மினி வாங்குங்க. 700 வாட்தான். காட்டுல தங்குறவங்களுக்கு அதுதான் என் முதல் சாய்ஸ்.

கேள்வி (சாக்ரமென்டோ): யோசெமிட்டி பார்க்ல ஜெனரேட்டர் எந்நேரமும் போட விட மாட்டாங்களாமே, அப்ப எப்படி?

பதில்: ஆமா, காலைல 7 டூ 9, மத்தியானம் 12 டூ 2, சாயங்காலம் 5 டூ 7, இந்த நேரத்துல மட்டும்தான் போட விடுவாங்க. பக்கத்துல டென்ட்ல குழந்தைங்க தூங்கும், அதனால அந்த நேரத்துலயும் தேவைக்குத்தான் போடணும். நான் அஞ்சு மணிக்கே ஊறவச்ச பருப்போட ரெடியா இருப்பேன். பிரஷர் ஏறி சில நிமிஷத்துல ஜெனரேட்டரை நிறுத்திடலாம், மூடியைத் தொடாம அப்படியே அரைமணி நேரம் விட்டா பாசிப்பருப்பு உள்ள இருக்கிற சூட்டுலயே வெந்துடும். துவரம்பருப்புக்கு இது பத்தாது.

கேள்வி (ஹூஸ்டன்): கிராண்ட் கேன்யன்ல பருப்பு வேகவே இல்லைங்க, வீட்ல 10 நிமிஷத்துல குழையுற அதே பருப்பு. தண்ணியா பிரச்சனை?

பதில்: தண்ணி இல்லைங்க, உயரம். நீங்க ஹூஸ்டன்ல கடல் மட்டத்துல சமைக்கிறவங்க, கிராண்ட் கேன்யனோட தெற்கு விளிம்பு, சவுத் ரிம், 7000 அடி. குக்கர் வெளிக்காத்தை விட இவ்வளவு அதிகமா பிரஷர் வைக்கணும்னுதான் கணக்கு வச்சிருக்கு, வெளிக்காத்தே லேசா இருந்தா உள்ள சூடும் அந்த அளவுக்கு இறங்கும். பொதுவா சொல்ற கணக்கு, 2000 அடிக்கு மேல ஒவ்வொரு 1000 அடிக்கும் நேரத்துல 5 சதவீதம் கூட்டுங்க. 7000 அடின்னா 25 சதவீதம், 10 நிமிஷம் பன்னெண்டரை ஆகும், நான் 13 வைப்பேன். ஃபிஷிங் பிரிட்ஜ் பக்கம் இன்னும் உயரம், திறந்த பாத்திரத்துல தண்ணி 92 டிகிரிலயே கொதிச்சிடும், அங்கெல்லாம் குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேகவைக்கணும்னா கேஸ்தான் தீரும். கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் முந்தின ராத்திரியே ஊறப்போட்டுடுங்க.

கேள்வி (சிகாகோ): வண்டி ஓடிட்டு இருக்கும்போதே குக்கரைப் போட்டு விட்டா போற இடத்துல சாப்பாடு ரெடியா இருக்குமே, நிறைய பேர் சிங்க்குக்குள்ள வச்சு பண்றாங்களாமே?

பதில்: வேண்டாம். இதுல நான் கண்டிப்பாதான் சொல்லுவேன். பிரேக் அடிச்சா அது கொதிக்கிற குழம்பு உள்ள அடைச்சு வச்ச இரும்புக் குண்டு மாதிரி, பின்னாடி குழந்தைங்க உட்கார்ந்திருக்காங்க. ஸ்லோ குக்ல போட்டாலும் அதே சூடுதான். காலைலயே சமைச்சு, பிரஷர் முழுசா இறங்கினதும் ஹாட்பேக்ல மாத்திட்டு கிளம்புங்க. குக்கரை காலி பண்ணி கீழ் அலமாரில துணியைச் சுத்தி வைங்க, மேல் அலமாரில வச்சா கதவு திறந்து யார் தலையிலயாவது விழும்.

கேள்வி (அட்லாண்டா): ஸ்டீம் விட்டதும் ஸ்மோக் அலாரம் கத்துது, மேல இருக்கிற கப்போர்டும் ஊதிப்போச்சு.

பதில்: எங்க வண்டிலயும் முதல் வருஷம் ஒரு கப்போர்டோட அடிப்பலகை இப்படித்தான் உப்பிப்போச்சு. ஆர்வி கப்போர்டு பெரும்பாலும் பிளைவுட்டும் அமுக்கின தூள் பலகையும்தான், நீராவி தாங்காது. கப்போர்டுக்கு நேர் கீழ வைக்காதீங்க, கூரை ஃபேன் போட்டு ஒரு ஜன்னல் திறந்துட்டு, வால்வை நடு இடம் பார்த்துத் திருப்பிக்கோங்க. முடிஞ்ச வரைக்கும் தானா இறங்க விடுங்க. மழை இல்லன்னா நான் வெளிய பிக்னிக் டேபிள்லயே வச்சுடுவேன், வண்டிக்கு வெளிப்பக்கம் ஒரு பிளக் இருக்கும்ல, அது வரைக்கும் குக்கரோட ஒயர் எட்டுற மாதிரி டேபிளை நகர்த்திப்பேன். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் கார்டு இதுக்கு ஆகவே ஆகாது. கரடி இருக்கிற பார்க்குல சமைச்சு முடிச்ச உடனே குக்கர், கரண்டி, தட்டு எல்லாம் உள்ள போயிடணும், கழுவி வச்சிருந்தாலும் சரி. அது பார்க் ரூல், கரடிக்கும் அதுதான் நல்லது.

கேள்வி (லெஸ்டர், இங்கிலாந்து): அக்கா, எங்க ஊர் சைட்ல 10 ஆம்ப்னு போட்டிருக்கான், 30 ஆம்ப்பே பத்தலைங்கிறீங்க.

பதில்: உங்களுக்கு 230 வோல்ட் தம்பி, அதனால 10 ஆம்ப்ன்னா 2300 வாட். குக்கருக்கு நாலரை ஆம்ப்கூட ஆகாது. கெட்டிலையும் சேர்த்துப் போட்டாதான் போயிடும். ஃபிரான்ஸ் பக்கம் போனா 6 ஆம்ப் சைட் நிறைய இருக்கும், அங்க 1380 வாட்தான், குக்கர் ஓடும்போது வேற எதையும் தொடாதீங்க.

கேள்வி (நியூ ஜெர்சி): அம்மா ஊர்ல இருந்து எலக்ட்ரிக் குக்கர் கொண்டு வர்றாங்க, அதை ஆர்வில போடலாமா?

பதில்: வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க. 230 வோல்ட்டுக்குச் செஞ்சதை இங்க 120ல போட்டா கால்வாசி சூடுதான் வரும், சாதம் ஊறிட்டே கிடக்கும். அம்மாகிட்ட சாம்பார் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு வரச் சொல்லுங்க.

கேள்வி (டென்வர்): ஒரே தடவைல சாதமும் சாம்பாரும் வைக்கிறேன்னு ஒரு இடத்துல சொன்னீங்களே, அளவு சொல்லுங்க அக்கா ப்ளீஸ்.

பதில்: இதைக் கேக்க மாட்டீங்களான்னுதான் இருந்தேன்! கீழ பாத்திரத்துல முக்கால் கப் துவரம்பருப்பு, அரைமணி நேரம் ஊறினது, ரெண்டரை கப் தண்ணி, மஞ்சள்தூள், பெருங்காயம், ஒரு ஸ்பூன் எண்ணெய், முழுசா சின்ன வெங்காயம், பெருசு பெருசா வெட்டின கேரட். பூசணி, கத்திரிக்கா போடாதீங்க, கரைஞ்சிடும். தக்காளியை அடில போடாம மேலாக்க போடுங்க, அடில ஒட்டினா குக்கர் ஸ்க்ரீன்ல "பர்ன்" (அடிபிடிக்குது)னு காட்டி நிறுத்திடும். அது மேல காலுள்ள ஸ்டாண்ட், அதுல ஒரு எவர்சில்வர் கிண்ணத்துல ஒரு கப் சோனா மசூரி, ஒண்ணே முக்கால் கப் தண்ணி. ஹை பிரஷர் 10 நிமிஷம், டென்வர்ல நீங்க 12 வைங்க, அப்புறம் பத்து நிமிஷம் தானா இறங்கட்டும். கிண்ணத்தை இடுக்கியால தூக்கிட்டு, கீழ இருக்கிற பருப்பை மசிச்சு, புளித்தண்ணி, சாம்பார் பொடி, உப்பு போட்டு சாட்டே (வதக்குற) மோட்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க. தாளிப்பை வீட்லயே எண்ணெய் தாராளமா விட்டு பண்ணி சின்ன பாட்டில்ல ஃபிரிட்ஜ்ல வச்சுக்கோங்க, ஒரு ஸ்பூன் ஊத்தினா போதும். வண்டி மட்டமா நிக்கணும், சாய்ஞ்சு நின்னா தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கி இன்னொரு பக்கம் சாதம் விதை விதையா நிக்கும்.

மழைல நனைஞ்சு திரும்பி வந்த பசங்க இந்தச் சாதத்தை வழிச்சுத் தின்னதைப் பார்த்தா, இந்த குக்கரைத் தூக்கிட்டு வந்தது வீண்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

கேள்வி (சியாட்டில்): மலைல குளிர்ல மாவு புளிக்கல. யோகர்ட் மோட் பேட்டரில ராத்திரி முழுக்க விடலாமா?

பதில்: குக்கர் ரொம்ப கொஞ்சமாத்தான் எடுக்கும், ஆனா இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்கிறதுக்கே மணிக்கு 15, 20 வாட் அவர் போகும், பத்து மணி நேரத்துல அதுவே 200 வாட் அவர் வரைக்கும் ஆகிடும். அதனால ஹூக்கப் இருக்கிற ராத்திரிதான் நான் மாவு வைப்பேன். பாதிக்கு மேல ஊத்தாதீங்க, பூட்டுற மூடிக்குப் பதிலா கண்ணாடி மூடி போடுங்க, மாவு பொங்கினா பூட்டு மூடி சிக்கிக்கும். மறுநாள் இட்லி வைக்கும்போது வால்வைத் திறந்து வச்சு ஸ்டீம்ல விடுங்க, அப்ப குக்கரோட டைமர் ஓடாது, போன்ல 12 நிமிஷம் வச்சுக்கோங்க.

கேள்வி (ஆஸ்டின்): பாத்திரம் கழுவ தண்ணி செலவு ஜாஸ்தியாகுது, அதோட மூடி ரப்பர்ல சாம்பார் வாசம், பால் காய்ச்சினா அதுலயும் வருது.

பதில்: ரப்பர் ரெண்டு வாங்கிக்கோங்க, ஒண்ணு குழம்புக்கு, ஒண்ணு பால் பாயசத்துக்கு, கலர் வேற வேறயா. பாத்திரத்தை முதல்ல டிஷ்யூவால நல்லாத் துடைச்சு அதைக் குப்பைல போட்டுடுங்க, எண்ணெயும் பருப்பும் கிரே டேங்க்குக்குள்ள (கழுவின தண்ணி சேர்ற டேங்க்) போனா வெயில்ல நாறும், சென்சாரும் ஒட்டிக்கிட்டு டேங்க் நிறைஞ்சிருக்குன்னு பொய்யாக் காட்டும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணி, ஒரு சொட்டு சோப்பு ஊத்தி சாட்டேல ரெண்டு நிமிஷம் சூடு பண்ணுங்க, அடில ஒட்டினது தானா விட்டுடும், தேய்க்கிற வேலை இருக்காது.