ஆச்சா மரத்தைக் காட்டினா லோன் கிடைக்குமா?

கேள்வி: நரசிங்கம்பேட்டைல மூணு தலைமுறையா நாதஸ்வரம் செய்யுறோம் சார். பழைய வீடு இடிக்கிறப்பதான் நல்ல ஆச்சா மரம் கிடைக்கும், அன்னிக்கே ரொக்கமா கொடுத்து எடுக்கலன்னா கை மாறிடும். 3 லட்சம் லோன் கேட்டா மேனேஜர் வீட்டுப் பத்திரம் இருக்கான்னு கேட்கறாரு. புவிசார் குறியீடு பேப்பரைக் காட்டினேன், நல்லாருக்குன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாரு.
(வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: அந்த பேங்க் மேனேஜர் நாற்காலில நானும் பல வருஷம் உட்கார்ந்தவன்தான், அதனால ரெண்டு பக்கமும் பேசறேன். உங்க ஊர் நாதஸ்வரத்துக்கு 2022ல குறியீடு கிடைச்சது பெருமைதான், ஆனா அது பேரைக் காப்பாத்தும், பேங்க்காரன் போட்ட பணத்தைக் காப்பாத்தாது. பத்திரம் கேட்டாரே, அதுதான் தப்பு. சிறு தொழிலுக்கு நீங்க கேட்கிற அளவு கடனுக்கெல்லாம் அடமானம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க்கே சொல்லியிருக்கு. முதல்ல உத்யம்னு மத்திய அரசோட சிறு தொழில் பதிவு இருக்கு, அதைப் பண்ணுங்க, ஆதார் இருந்தா ஆன்லைன்ல இலவசம், காசு கேட்கிற வெப்சைட் வந்தா மூடிட்டு வெளிய வாங்க. அப்புறம் மத்திய அரசோட சிறு தொழில் கடன் திட்டமான முத்ராவைப் பேர் சொல்லியே கேளுங்க. 50,000 வரைக்கும் சிசு, அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர், உங்களுது கிஷோர்ல வரும். கடன் திரும்பலன்னா ஒரு பங்கை ஈடுகட்ட பேங்க்குக்கு கேரன்டி ஃபண்ட் இருக்கு. கவனிங்க, அந்த கேரன்டி பேங்க்குக்கு, நமக்கு இல்ல, நாம கட்டித்தான் ஆகணும். இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு மாட்டினவங்க நிறைய.

இன்னொன்னு, மரம் வாங்கறதுக்கு டேர்ம் லோன், அதாவது மொத்தமா வாங்கித் தவணைல கட்டற கடன் கேட்காதீங்க, அது கடைசல் மெஷினுக்கு. மரத்துக்கு சிசி லிமிட் (கேஷ் கிரெடிட்) கேளுங்க, எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி, வீடு இடிக்கிற சேதி வந்தா எடுப்பீங்க, நாதஸ்வரம் வித்ததும் போடுவீங்க. மேனேஜருக்கு உலவுங்கிற குழல் எது, அடியில விரிஞ்ச அணசு எதுன்னு தெரியாது, அவர் கண்ணுக்கு உங்க மரம் வெறும் விறகு. ஒரு தூண்ல எத்தனை உலவு வரும், ஒண்ணு முடிய எத்தனை நாள், என்ன விலைக்குப் போகுது, போன வருஷம் யார் யார் வாங்கினாங்க, இதை ஒரே பக்கத்துல எழுதிக் கையில கொடுங்க. குறியீடு பேப்பரைவிட அந்தப் பக்கம்தான் வேலை செய்யும்.

உங்களுக்கு 35 வயசு முடிஞ்சிருந்தா மாவட்டத் தொழில் மையத்துலயும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. 2025 ஏப்ரல்ல ஆரம்பிச்ச கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. லிஸ்ட்ல 25 தொழில் இருக்கு, உங்க வேலை அதுல எந்தப் பேர்ல வருதுன்னு கேட்டு அதே பேர்ல விண்ணப்பம் எழுதுங்க.

கேள்வி: தெருக்கூத்து ஜமா வச்சிருக்கேன், 14 பேர். சவுண்ட் செட்டும் வேனும் வாங்கணும். எங்களுக்கெல்லாம் பேங்க்ல கொடுப்பாங்களா?
(செய்யாறு வாசகர்)

பதில்: கொடுக்கணும், ஏன்னா கூத்தும் சேவைத் தொழில்தான். ஆனா நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். பொம்மலாட்டக்காரர் ஒருத்தர் கார்த்திகை மாசம் வந்தாரு, பாஸ்புக்கைப் புரட்டினேன், நாலு மாசமா ஒரு வரவு இல்ல, முடியாதுன்னு அனுப்பிட்டேன். அவர் சம்பாத்தியம் பூரா திருவிழா சீசன்ல, அதுவும் வெத்தலைப் பாக்குத் தட்டுல வச்சுக் கொடுத்த ரொக்கம், பேங்க்குக்கே வரல. பொய் சொல்லல மனுஷன், எனக்குப் பார்க்கத் தெரியல, அவ்வளவுதான்.

அதனால பங்குனிலேர்ந்து ஆடி வரைக்கும் வர்ற அட்வான்ஸ் எல்லாத்தையும், தட்டுல வாங்கினாலும் சரி, மறுநாளே ஜமா பேர்ல இருக்கிற அக்கவுண்ட்ல போடுங்க. திருவிழால பாரதக் கூத்து வைக்கிற ஊர்க்காரங்ககிட்ட தேதி, தொகை எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்க, வருஷா வருஷம் அதே ஊர் கூப்பிடுதுன்னா அதைவிட நல்ல ஆவணம் எது? ரெண்டு சீசன் ஸ்டேட்மென்ட் சேர்ந்தப்புறம் போங்க. போய், மாசத் தவணை வேணாம், சீசன் மாசத்துல பெருசாவும் மத்த மாசத்துல வட்டி மட்டும் கட்டறேன்னு கேளுங்க. விவசாயிக்கு அறுவடை பாத்துத் தவணை வைக்கிறாங்கல்ல, அதே கணக்குதான், கேட்டவங்க கம்மி அதனால கொடுத்ததும் கம்மி. வேன் இப்ப வேணாம்னு தோணுது, முதல்ல சவுண்ட் செட், வேன் வாடகைக்கே ஓடட்டும். பிரான்ஸ்ல சினிமா, கலைத் தொழில் கடனுக்கு கேரன்டி கொடுக்கவே 1983ல தனி நிறுவனம் ஆரம்பிச்சுட்டாங்க, இங்க நாமளே பேங்க்குக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கு.

கேள்வி: வீட்லேர்ந்து அனிமேஷன், இல்லஸ்ட்ரேஷன் பண்றேன். லேப்டாப்புக்கு லோன் கேட்டா சிபில் ஸ்கோரே இல்லன்னு வாய்ல சொல்லி அனுப்பிட்டாங்க.
(மதுரை வாசகி)

பதில்: சிபில் ஸ்கோர்ங்கிறது பழைய கடனை எப்படிக் கட்டினோம்னு போடற மார்க், ஸ்கோர் இல்லாததும் மோசமான ஸ்கோரும் ஒண்ணு இல்லம்மா. வாய்ல சொன்னதை விடுங்க. அடுத்த தடவை உத்யம் நம்பரோட விண்ணப்பம் எழுதிக் கொடுத்து தேதி போட்ட ரசீது வாங்குங்க. சிறு தொழிலுக்கு 25 லட்சம் வரைக்கும் கேட்டா 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு விதி இருக்கு, முடியாதுன்னு சொன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க. அந்த பேங்க்லயே புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதுக்குள்ள ஒரு சின்ன வேலை: கிளையன்ட் ஜிபேல போடற காசு உங்க அப்பா அக்கவுண்ட்டுக்குப் போகுதா, உங்களுக்கு வருதா? அப்பாவுக்குப் போகுதுன்னா இன்னிக்கே மாத்துங்க.