களி நெஞ்சுல நிக்குது, எண்டோஸ்கோபி நார்மல்: கேள்வி பதில்

கேள்வி (பாலக்கோடு): அம்மாவுக்கு 61 வயசு. எட்டு வருஷம் முன்னாடி மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், கீமோ முடிஞ்சது. ரெண்டு மாசமா களி உருண்டை நெஞ்சுலயே நிக்குதுங்கறாங்க. எண்டோஸ்கோபி நார்மல், கேஸ்னு மாத்திரை குடுத்தாங்க. போதுமா?

பதில்: போதாதுங்க. எண்டோஸ்கோபி உணவுக்குழாயோட உள்பக்கத்தைத்தான் காட்டும். வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினா உள்தோல் வழவழன்னு நல்லாவே தெரியும். மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியுற இடத்துல, பல்வரிசையிலிருந்து சுமார் 25 செ.மீ. ஆழத்துல, எல்லாருக்கும் நெறிக்கட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) இருக்கு. அதை ஒட்டியேதான் உணவுக்குழாய் இறங்குது. மார்பகப் புற்றோ நுரையீரல் புற்றோ அங்க பரவி வீங்கினா வழி அடைபடும். மார்பகப் புற்று பத்து வருஷம் தாண்டியும் திரும்ப வரும், அபூர்வமா இப்படியும் காட்டும். மருந்து ஏத்தி எடுக்கற நெஞ்சு சி.டி. வேணும், அந்த மருந்தைச் சிறுநீரகம் தாங்குமான்னு தெரிய முன்னாடியே கிரியேட்டினின்ங்கற ரத்தச் சோதனை பார்ப்பாங்க. பழைய பயாப்சி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையோட கொண்டுபோய், புற்று இருந்ததை முதல்லயே சொல்லுங்க. 'கேஸ் பிரச்சினை'ன்னு ஆரம்பிச்சா பேச்சு அங்கேயே நின்னுடும்.

கேள்வி (ஓசூர்): கேஸா, அடைப்பான்னு வீட்டுல தெரியுமா?

பதில்: உறுதியாத் தெரியாது, ஆனா போக்கைக் கவனிங்க. முதல்ல களி, சப்பாத்தி, அப்புறம் குழைஞ்ச சோறு, கடைசியில கஞ்சின்னு படிப்படியா இறங்காமப் போனா வழி குறுகுது. தண்ணியும் ஆரம்பத்துலயே நின்னா தசைக் கோளாறா இருக்கலாம். குரல் மூணு வாரத்துக்கு மேல கம்மியிருந்தா அதையும் சொல்லுங்க. இடது குரல்நாண் நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கி, மகாதமனியைச் (இதயத்திலிருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்) சுத்தித்தான் மேல ஏறுது; அங்க கட்டி அழுத்தினா குரல் கம்மும். தண்ணி குடிச்சதும் இருமல் வந்தா தள்ளிப்போடாதீங்க.

கேள்வி (அரூர்): சி.டி.யில நெறிக்கட்டின்னா புற்றுதானா?

பதில்: இல்லைங்க. காசநோயும் அதே இடத்துல வீங்க வைக்கும். ஊசியில சதை எடுத்துப் பார்க்காம எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது. எடுக்கும்போது கேளுங்க: எல்லாத்தையும் ஃபார்மலின்ல (சதை கெடாம வைக்கிற திரவம், கிருமியைக் கொன்னுடும்) போட்டா காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பங்கு ஃபார்மலின்ல, ஒரு பங்கு சலைன்ல (சுத்தமான உப்புத்தண்ணி) போகணும். மார்பகப் புற்றுன்னு வந்தா, எந்த மருந்து கேக்கும்னு காட்டுற ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 புரதச் சோதனைகளைத் திரும்பச் செய்யணும். பழைய முடிவு மாறியிருக்கலாம்.

கேள்வி (ஊத்தங்கரை): அதுவரைக்கும் சாப்பாடு?

பதில்: களியை நிறுத்துங்க. வடிகட்டின ராகிக் கஞ்சி, தயிர், மசிச்ச முட்டை, பருப்புத் தண்ணி. நிமிர்ந்து உக்காந்து சின்னச் சின்ன வாயா. முடிச்சதும் அரைமணி நேரம் படுக்க வேணாம். மாத்திரையைப் பொடிக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, சிலதைப் பொடிக்கவே கூடாது. எச்சில்கூட இறங்கலைன்னா அன்னிக்கே அவசரப் பிரிவுக்குப் போங்க.