காற்று மெத்தை இருந்தாலும் புரட்டிவிட வேண்டுமா?

கேள்வி: எண்பது வயதாகும் என் மாமியார் பக்கவாதத்தால் இரண்டு மாதமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார், சர்க்கரை நோயும் உண்டு. இடுப்புக்குக் கீழே ஓரிடம் கறுத்துத் தடித்திருக்கிறது. காற்று மெத்தை வாங்கிவிட்டதால் புரட்டிவிடத் தேவையில்லை, பவுடர் போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார்கள். சரியா?
– வாசகி, தென்காசி

பதில்: சரியல்ல. நீங்கள் பார்த்தது படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம் என்பதால், நாளைக்கே மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, நுண்ணிய குழாய்களில் இரத்த ஓட்டம் தடைபடுவதால்தான் இப்புண் வருகிறது. மேலே நாணயம் அளவே தெரிந்தாலும், உள்ளே பெரும்பள்ளம் இருக்கக்கூடும். பக்கவாதமும் சர்க்கரை நோயும் உணர்ச்சியை மழுங்கடிப்பதால், அவர் வலிக்கிறது என்று சொல்லாமலே போகலாம். வெளுத்த தோலில் சிவப்பாகத் தெரிவது நம் மாநிறத்தில் அப்படித் தெரியாது. ஆகவே, தினமும் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், பின்தலை ஆகிய இடங்களைத் தொட்டுப் பார்த்து, சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அந்த இடத்தைத் தேய்க்கவே வேண்டாம். ஏற்கெனவே நலிந்த குழாய்கள் மேலும் கிழியும். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்ப்பது மருத்துவமனைகளிலேயே நெடுநாள் இருந்த பழக்கம் என்பதால் உங்கள் வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் தவறு. வளையத்தின் விளிம்பே சுற்றிலும் அழுத்தும்.

காற்று மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, நீக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, இடுப்பெலும்பின் மேல் முழு எடையும் விழாதபடி சற்றே சாய்த்துப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. இழுத்து நகர்த்தாமல், மடித்த போர்வையை அடியில் விரித்து இருவராகத் தூக்குங்கள். சாப்பிடத் தலைப்பக்கத்தை உயர்த்தினால், உடல் சறுக்கும்போது தோல் ஒட்டிக்கொண்டு எலும்பு மட்டும் நகரும். ஆகவே சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தாழ்த்திவிடுங்கள். ரப்பர் ஷீட்டின் மேல் சுருக்கமில்லாத பருத்தித் துணி இருக்கட்டும். சிறுநீர் ஈரம் தங்கவே கூடாது. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் முட்டை, பருப்பு, மீன் தாராளமாகக் கொடுங்கள்.

தோல் பிளந்தாலோ, நாற்றமோ சீழோ காய்ச்சலோ வந்தாலோ ஒரு நாளும் பொறுக்காதீர்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையிலிருப்போரைப் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். இரவு முறையை உங்கள் கணவரும் பகிர்ந்துகொள்ளட்டும். நீங்கள் ஒருவரே இரண்டு மணிக்கொரு முறை எழுந்தால் சில வாரங்களில் ஓய்ந்துவிடுவீர்கள்.