கொழும்பு – ரொறன்ரோ: உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி: "அம்மாவுக்கு 72 வயது. இன்சுலின் போடுகிறார், முழங்கால் வருத்தமும் உண்டு. ஜூலையில் ரொறன்ரோவுக்குத் தனியாகப் போகிறார். இணையத்தில் 14,000 கிலோமீற்றர், பதினைந்தரை மணித்தியாலம் என்று இருக்கிறது. டிக்கெட்டில் இரவு 10.00க்குப் புறப்பட்டு, துபாய் வழியாக மறுநாள் காலை 9.30க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. அப்படியென்றால் பதினொன்றரைதானே? எதை நம்புவது?"

இரண்டையும் நம்ப வேண்டாம். பயணம் 21 மணித்தியாலம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. பதினொன்றரையோடு அதைக் கூட்டினால் 21. கட்டுநாயக்கவிலிருந்து துபாய்க்கு நாலரை, அங்கே காத்திருப்பு இரண்டரை, பிறகு ரொறன்ரோவுக்குப் பதினான்கு என்று பிரித்துப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவரும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள். அதிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரையைக் கூட்ட வேண்டும்.

இணையத்தின் பதினைந்தரை, 14,000ஐ மணிக்கு 900 கிலோமீற்றரால் வகுத்த விடை மட்டுமே. தூரம் சரிதான். பாடசாலைப் பூகோள உருண்டையில் கொழும்பையும் ரொறன்ரோவையும் நூலால் இழுத்துப் பிடித்தால், நூல் மத்திய ஆசியா, ரஷ்யா தாண்டி 72 பாகை வடக்கு வரை ஏறி இறங்கும். அந்தக் கோட்டில் நேரடி விமானச் சேவை கிடையாது. துபாய் வழி ஏறத்தாழ 3,290உம் 11,080உம், மொத்தம் 14,370 கிலோமீற்றர். சுற்றுவழி போலத் தெரிந்தாலும் கூடுவது நானூறுக்கும் குறைவு. லண்டன் வழியும் ஏறக்குறைய இதே தூரம்தான். ஆகவே தூரத்தைப் பார்த்து வழியைத் தெரிவு செய்வதில் பயனில்லை. இடையில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்பதைப் பாருங்கள். திரும்பி வரும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நீண்ட பறப்பில் ஒரு மணித்தியாலம் அளவில் குறையும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் இன்னும் கூடும். இரவு 10.00 விமானத்துக்கு 7.00க்குக் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். பேலியகொடையில் அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் அரை மணித்தியாலம்கூட ஆகாது. அதுவரைக்கும் காலி வீதியில் ஒபிஸ் விடுகிற நேர நெரிசல்தான் தொல்லை; 5.00க்கே புறப்படுங்கள். ரொறன்ரோவில் இறங்கியபின் குடிவரவு, பொதி எடுப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மணித்தியாலம். ஆக 28.

டொக்டரிடம் இந்த 28ஐயும் நேர வித்தியாசத்தையும் சொல்லியே இன்சுலின் நேரங்களை எழுதி வாங்குங்கள். பதினொன்றரை என்று சொன்னால் ஊசிக் கணக்கே பிழைத்துவிடும். இன்சுலினை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் கீழ்த்தளக் குளிரில் உறையக்கூடும், உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது.

மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பொதியையும் அநேகமாக இடையில் அவரே எடுத்து மறுபடி போட வேண்டி வரும். வீல்செயரைக் குறைந்தது 48 மணித்தியாலம் முன்பே பதிந்துவிடுங்கள். அப்போது "படி ஏற முடியாது" என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடக்க மட்டும் சிரமப்படுபவர் என்று பதிவாகும். விமானம் தூரத்தில் நிறுத்தப்பட்டு பஸ்ஸில் கொண்டுபோனால், ஏணிப்படிக்குக் கீழே வீல்செயர் நின்றுவிடும்.