பிறந்ததும் அழாத குழந்தைக்குக் ‘கூலிங்’ கொடுக்காமல் விட்டது தவறா?

கேள்வி: அண்ணிக்குக் கடலூரில் பிரசவம். குழந்தை பிறந்ததும் அழவில்லை, அன்று ராத்திரியே ஃபிட்ஸ். லண்டனில் இருக்கும் சித்தப்பா, “கூலிங் கொடுத்திருந்தால் மூளை தப்பியிருக்கும், ஏமாற்றிவிட்டார்கள்” என்கிறார். நிஜமா?

பதில்: புதுச்சேரியில் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். இதை வைத்து யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது.

சித்தப்பா சொல்வது அவர் ஊருக்குச் சரி. மூச்சு முட்டிப் பிறந்த குழந்தையின் மூளைக்கு இரண்டு தவணையாக அடி விழும். முதலில் செல்கள் கொஞ்சம் தேறும், சில மணி நேரம் கழித்து மறுபடி சரியும். அதனால்தான் பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டை 33.5 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மணிக்கு அரை டிகிரியாக ஏற்றுவார்கள். இதுதான் கூலிங்.

இதற்கான மெஷின் இல்லாத இடத்தில் குளிரவைத்த ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி உடம்பை ஒட்டி வைப்பதுதான். ஜிப்மரில் இப்படிச் செய்து பார்த்து, நல்ல பலன் என்று 2012-ல் எழுதினார்கள். ஆசனவாயில் சூடு பார்க்கும் வயர், மானிட்டரில் எண். ஒரு பேக்கை எடுக்கப் பிந்தினால் சர்ரென்று 32-க்குக் கீழே இறங்கும், கண்ணை எடுக்க முடியாது. “பச்சப் புள்ளய ஏம்மா ஐஸ்ல போட்டு வெச்சிருக்கீங்க?” என்று கண்ணாடிக்கு வெளியே நின்று திட்டாத ஆயா கிடையாது.

இனி சித்தப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து ‘ஹீலிக்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. 2021-ல் முடிவு வந்தது. ஐஸ் கட்டி வைத்தியம் இல்லை, நல்ல மெஷின். ஆனால் குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. சாதாரணச் சூட்டில் வைத்தவற்றில் 31 சதவீதம். ஊனமும் குறையவில்லை. இங்கே பல குழந்தைகளுக்கு வயிற்றில் இருக்கும்போதே பாதிப்பு தொடங்கிவிடுகிறது, 6 மணி நேரக் கணக்கு அப்போதே தப்பிவிடுகிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இன்னும் கொடுக்கிறார்கள். டாக்டர்களே இதில் இரண்டு கட்சி.

வசதி இல்லாத இடத்தில் மூச்சு, சர்க்கரை, ஃபிட்ஸ் மூன்றையும் பார்த்துக்கொண்டு, வார்மரில் சூடு ஏறிவிடாமல் காத்திருந்தால் அதுவே முறையான வைத்தியம். (ஜுரம் வந்தால் மூளைக்கு இன்னும் கெடுதல்.) 108-ல் புதுச்சேரிக்குப் போகும் வழியில் யாராவது தாங்களாகவே குளிரவைத்திருந்தால்தான் நான் சண்டைக்குப் போவேன்.

இப்போது செய்ய வேண்டியது: தலைச் சுற்றளவு, காது, கண் மூன்றையும் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் ‘டிஇஐசி’ (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம்) என்று கேட்டால் பிசியோதெரபிக்கு வழி காட்டுவார்கள், செலவில்லை. பிள்ளை கழுத்து நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘எச்ஐஇ’ (மூச்சு முட்டியதால் மூளைக்கு வந்த பாதிப்பு) என்பதற்குப் பக்கத்தில் ஸ்டேஜ் 1, 2, 3 என்று ஒன்று போட்டிருக்கும். எது என்று கமெண்ட்டில் சொல்லுங்கள். 1 என்றால் லேசானது, கூலிங் பேச்சே பெரும்பாலும் எழாது.